நம்பிக்கைக்கு ஒரு தனி வரிசை

அமெரிக்காவில் வாழும் என் மாமா, விமான நிலையத்தில் நீண்ட வரிசையில் நிற்பதில்லை. 'குளோபல் என்ட்ரி' என்ற நம்பகப் பயணியர் திட்டத்தில் அவர் ஓர் உறுப்பினர். இது பணக்காரர்களுக்கான சலுகை என்றே நான் முதலில் எண்ணினேன். விசாரித்த பின்னரே விளங்கிற்று.

120 டொலர் கட்டணம் மட்டும் போதாது. விண்ணப்பதாரியின் பின்னணி ஆராயப்படும்; நேர்முகத்தில் கைவிரல் அடையாளம் பெறப்படும். உறுப்புரிமை 5 ஆண்டுகளுக்குச் செல்லும். நாடு திரும்பும்போது இயந்திரம் முகத்தை இனங்காணும். புறப்படும்போது பாதுகாப்புச் சோதனையில் மடிக்கணினியைப் பையிலிருந்து எடுக்கத் தேவையில்லை. எனினும் எழுமாறான சோதனை எவருக்கும் உண்டு.

சுங்கத்திடம் அறிவிக்காத ஒரேயொரு அப்பிள் பழத்தாலும் உறுப்புரிமை பறிபோகலாம். அதனால் விமானத்தில் தரும் பழத்தை மாமா அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுவாராம்.

சகோதரிகளே, நம்பிக்கையைப் பெற மாதங்கள் செல்லும். இழப்பதற்கு ஒரு பழம் போதும்.