எல்லா நாட்களும்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது விழிஞ்ஞம், பூந்துறை, தூத்தூர்க் கரைகளின் மீனவர் பலர் கடலில் இருந்தனர். சிலர் கரைசேர்ந்தனர், பலர் திரும்பவேயில்லை. கரைசேர்ந்தவரைக் குறித்து, 'தேவன் அவரோடிருந்தார்' என்கிறோம். அப்படியானால், திரும்பாதவரோடு அவர் இல்லையா?

பிரியமானவர்களே, மத்தேயு 28:20-ஐ நிதானமாய் வாசியுங்கள். கிரேக்க மூலத்தில் 'நான்', 'இருக்கிறேன்' என்னும் சொற்களின் நடுவே 'உங்களோடு' என்பது அமைந்துள்ளது. (நம் தமிழிலும் அவ்விதமே அமைவது எத்தனை இனிது!) தொடர்ந்து வருவது, 'எல்லா நாட்களும்' என்பதாகும். வலை நிறைந்த நாளும் படகு கவிழ்ந்த நாளும் அதற்குப் புறம்பல்ல. கரைசேர்ப்பேன் என்பதன்று, கூட இருப்பேன் என்பதே இங்குள்ள வாக்குத்தத்தம். ஸ்தேவான் வானம் திறந்திருக்கவும் இயேசு நிற்கவும் கண்டான் (அப்போஸ்தலர் 7). ஆயினும் கல்லெறிதல் நின்றுவிடவில்லை. சங்கீதம் 139-ஓ கடலின் கடைசி எல்லையிலும் அவருடைய கரத்தையே காண்கிறது.

ஆகவே, அப்புயலில் கணவனை இழந்த சகோதரியிடம் காரணம் சொல்லப் போகாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாய் உடனிருந்தார்கள். பேசத் தொடங்கிய பின்னரே தவறினார்கள். நீங்களும் சற்று உடனிருந்து, பிள்ளைகளின் படிப்பைக் குறித்து விசாரியுங்கள்.