நீதியுங் கருணையும் வழக்காடிய நாடகம்

வாழ்நாள் முழுதுங் குற்றமே புரிந்தானொருவன் இறுதி மூச்சில் இரக்கம் வேண்டுவானாயின், அவனுக்குரிய தண்டம் நீங்குமோ? நீங்குமெனின் நீதி பொய்படும். நீங்காதெனின் கருணை பயனின்றாம். இவ்வினாவை 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில நாட்டார் வழக்காக்கி அரங்கில் நடித்துக் காட்டினர். அந்நாடகத்தின் பெயர் 'காசில் ஒவ் பெர்சிவெரன்ஸ்'. நன்னெறியில் நிலைத்தலாகிய கோட்டை என்பது பொருள். ஆசிரியர் பெயர் தெரிந்திலது. 3600 அடிகளுக்கு மேற்பட்ட இந்நூலின் ஏட்டில் அரங்கப்படமும் உண்டு. அதன்கண் நடுவே கோட்டையும், கீழ்த்திசையிற் கடவுளிருக்கையும், வடதிசையிற் பேயரசனிருக்கையுங் குறிக்கப்பட்டுள்ளன.

மனுக்குலம் என்பானே கதைத்தலைவன். அவன் ஒருகாற் கோட்டையுட் புகுந்து நற்குணங்களின் காவலிலே வாழ்ந்தும், முதுமையிற் பொருளாசையால் இழுக்கப்பட்டு வெளியேறினான். மரணம் வந்தெய்தியது. இரக்கம் என்னுஞ் சொல்லோடு உயிர் நீத்தான். தீய தூதன் அவ்வுயிரை நரகிற்குக் கொண்டேகினான்.

அப்பாற் கடவுள் திருமுன் வழக்குத் தொடங்குகின்றது. வாதிப்போர் அவர்தம் புதல்வியர் நால்வர்: வெள்ளாடையணிந்த கருணை, செவ்வாடையணிந்த நீதி, பச்சையாடையணிந்த உண்மை, கருமையாடையணிந்த சமாதானம். காலங்கடந்த மனத்தாபம் செல்லாதென்று உண்மையும், வினைக்கேற்ற பயனே உரியதென்று நீதியும் வழக்குரைக்கின்றனர். கருணையோ குற்றத்தை மறுத்தாளல்லள். கிறிஸ்து பட்ட பாடுகளே அக்கடனைத் தீர்த்தனவென்றும், இறக்குங்கால் அவன் இரக்கம் வேண்டினானென்றும் எடுத்துக்காட்டினாள். சகோதரியர் பகைத்து நிற்றல் தகாதென்றாள் சமாதானம்.

கடவுள் கருணையின் பக்கமே தீர்ப்பளித்தார். ஈண்டு நோக்கற்பாலது யாதெனின், அவ்வுயிரை மீட்கக் கருணை தனியே செல்லாமையேயாம். நால்வரும் ஒருங்கே சென்றனர். தீய தூதனை நரகிற்குப் போவென விரட்டினவளும் நீதியே. தன் வாதத்தை முற்றக் கேட்டபின்னரே தீர்ப்பு வந்தமையின், அத்தீர்ப்பை நிறைவேற்றுதல் அவளுக்கு இழுக்காயிற்றிலது.

இதனாற் குற்றஞ் செய்தற்கு அனுமதி கிடைத்ததெனக் கருதற்க. முடிவுரையிலே கடவுள், வேந்தர் முதற் சமயத் தலைவர் ஈறாக யாவரும் தத்தஞ் செய்கைக்குக் கணக்கொப்புவித்தல் வேண்டுமென எச்சரிக்கின்றார். எத்தரப்பையும் புறக்கணியாது கேட்டு, குற்றத்தை மறையாது வெளிப்படுத்தி, அதன்பின் இரங்குவதே நீதியொடு மாறுபடாக் கருணை என்பது இந்நாடகத்தாற் பெறப்படும்.