எர்த் ஒயர்: எண்ணிக்கையா, இணைப்பா?

உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டதெனினும், கல்கத்தாவின் வீதிகளில் எஞ்சியுள்ள அவ்வண்டிகளுக்குச் சிகிச்சை செய்வது இன்னும் நின்றபாடில்லை. விளக்கு மங்கினாலும் செல்ஃப் மோட்டார் திணறினாலும், கூடுதலாக நாலு எர்த் ஒயர் போட்டுவிட்டால் சகல தோஷமும் நீங்கும் என்பது வாகனப் பிரியர் பலரின் நம்பிக்கை. உதிரிபாகச் சந்தையான மல்லிக் பஜாருக்கு ஒயர் வாங்கக் கிளம்புமுன் அந்த நம்பிக்கையைச் சற்று ஆராய்வோம்.

நம்பிக்கை: எர்த் ஒயர் கூடக் கூட வண்டியின் மின்சக்தி கூடும், பிக்கப்பும் மைலேஜும் உயரும்.

உண்மை: காரின் எஃகு உடலே மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் மார்க்கம். தாமிரத்தைவிட எஃகுக்கு மின்தடை மிகுதியாயினும், உடல் விசாலமானதாதலால் அங்கே நேரும் நஷ்டம் அற்பமே. ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்து உடலினின்று பிரிந்து நிற்கும் எஞ்சினுக்கு மாத்திரம் தடித்த எர்த் பட்டை ஒன்று அவசியம். 25 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில், மீட்டர் ஒன்றுக்கு, செல்ஃப் மோட்டார் இழுக்கும் 150 ஆம்பியரும் பாய்ந்தாற்கூட இழப்பு ஏறத்தாழ 0.1 வோல்ட்தான். அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்தால் மிச்சமாவது 0.05 வோல்ட், அதுவும் எஞ்சினைக் கிளப்பும் சில விநாடிகளுக்கே. ஓட்டத்தில் அந்தப் பாதையில் செல்லும் மின்சாரம் அதனினும் வெகு சொற்பமாகையால், பெட்ரோல் செலவு குறைய அதில் ஏதும் இல்லை.

நம்பிக்கை: ஒயர் போட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது, இதைவிட அத்தாட்சி வேண்டுமோ?

உண்மை: விளக்கு தெளிவடைந்தது மெய்யே, ஆனால் அது பழைய இணைப்பு பழுதென்பதற்கே அத்தாட்சி. கல்கத்தாவின் ஈரக்காற்றும், மழைக்காலத்தில் தெருக்களில் தேங்கும் நீரும் போல்ட்டடியில் துருவை வளர்க்கின்றன. சாதாரண பல்புக்குச் சேரும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். துருவைச் சுரண்டி இறுக்கினால் அதே பலன் செலவின்றிக் கிட்டும். எஞ்சினின் எர்த் பட்டை அற்றுப்போன வண்டியிலோ, மின்சாரம் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியே திரும்பி அதைச் சுடவைப்பதும் உண்டு.

நம்பிக்கை: பலன் இல்லாவிடினும் பாதகம் இல்லை.

உண்மை: புதிய கார்கள் பலவற்றில் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. கூடுதல் ஒயரை நேரே அம்முனையில் பூட்டினால், சென்சாரைத் தொடாமலே மின்சாரம் சென்று, பாட்டரியின் நிலை குறித்த கணக்கு பிழையாகும்.

பரிசோதனை எளிது. எஞ்சின் கிளம்பாதபடி இக்னிஷனைத் துண்டித்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்து, செல்ஃபைச் சுழற்றிப் பாருங்கள். 0.2 வோல்டுக்குள் காட்டினால் எர்த்தில் குறையில்லை. புது ஒயர் வீண் செலவு. 0.5 வோல்டைத் தாண்டினால் பழுது நிச்சயம். துருவேறிய இணைப்பையோ நைந்த பட்டையையோ கண்டுபிடித்துச் செப்பனிடுங்கள். அளந்து பாராமல் ஒயர் வாங்காதீர்கள்.