லயத்துப் பெட்டியைத் திறக்கும் முன்

என் அம்மாயியின் தண்டட்டி போன விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மாயி செத்த வருசம் வீட்டில் கடன். பக்கத்து டவுனில் ஒரு நகைக்கடைக்கு அம்மாவோடு நானும் போனேன். எனக்குப் பத்து வயது. ஆசாரி தண்டட்டியை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினார். உள்ளே அடைத்திருந்த அரக்கு இளகிக் கறுப்பாகச் சொட்டியது. அம்மாயியின் தோள் வரைக்கும் காதை இழுத்துத் தொங்கிய நகை, கண்முன்னே சருகு மாதிரி சுருண்டுபோனது. “அரக்கு போனா இவ்வளவுதான் தங்கச்சி” என்று தராசில் வைத்தார். கடன் அடைந்தது. ஆனால் அந்தத் தண்டட்டி எப்படி இருந்தது என்று காட்ட இன்று எங்கள் வீட்டில் ஒரு படம்கூட இல்லை.

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு பழம்பொருள் சேர்க்க வேண்டும் என்று என்னிடம் வரும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். மனசு நிறைகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

ஆளைக் கேட்டுவிட்டுப் பொருளைக் கேளுங்கள். யார் போட்டது, யார் கொடுத்தது, எந்த ஊரிலிருந்து கூடவே வந்தது என்பதைப் பாட்டியின் வாயாலேயே போனில் பதிந்துகொள்ளுங்கள். தண்டட்டி மதுரை, இராமநாதபுரம் சீமைப் பெண்களின் காதில் அதிகம் தொங்கியது. பாம்படம் திருநெல்வேலிப் பக்கத்தில் அதிகம். தோட்டத்துப் பதிவேட்டில் இல்லாத பூர்வீகத்தை ஒரு காதணி காட்டிக்கொடுக்கலாம். பாட்டி அதற்கு வேறு பெயர் சொன்னால் அந்தப் பெயரையே எழுதுங்கள், புத்தகத்துப் பெயரைப் பக்கத்தில் குறித்தால் போதும். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை நம் சனங்களின் பாடல்களை அவர்கள் வாயிலிருந்து அப்படித்தான் சேர்த்தார். பொருளுக்கும் அதே பொறுமை வேண்டும்.

கூடையையும் கம்பளியையும் சேருங்கள். சேகரிப்பு என்றதும் எல்லாருக்கும் தங்கமும் வெள்ளியும்தான் ஞாபகம் வருகிறது. நகைக்காவது அடகுக்கடையில் ஒரு மதிப்பு உண்டு. பிரம்பிலும் மூங்கிலிலும் பின்னிய கொழுந்துக் கூடைக்கு அதுவும் இல்லை. கொழுந்து இப்போது நைலோன் பையில் போகிறது, பழைய கூடை அடுப்புக்குப் போகிறது. ஒரு நல்ல கூடையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வாய்ப்பக்கம் பிரம்பு இரட்டையாகச் சுற்றியிருக்கும். நெற்றிக்குமேல் தலையில் மாட்டும் கயிறு, தலை படும் இடத்தில் மட்டும் மழுங்கி எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். அந்தக் கயிற்றை மாற்றிப் புதுக்கயிறு கட்டிவிடாதீர்கள், கூடையில் விலைமதிக்க முடியாத பாகம் அதுதான். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, குளிருக்குப் போர்த்திய முரட்டுக் கம்பளி, காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கூப்பிட அடித்த தப்பு எல்லாமே இந்த வரிசையில் வரும். தப்பைப் பின்னால் திருப்பி, கையும் தோளும் பட்டுத் தேய்ந்த இடத்தையும் படம் எடுங்கள்.

பழைய படங்களோடு ஒப்பிடுங்கள். பிளேட், ஸ்கீன் என்ற புகைப்பட நிறுவனங்கள் அச்சிட்ட பழைய தபால் அட்டைகளில் நம் பெண்கள் காது நிறைய நகையோடு நிற்கிறார்கள். 1879இல் இறந்து பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையாரும் இலங்கையில் தமிழ்த் தொழிலாளர்களைப் படம் எடுத்தவர். காதின் எந்தத் துளையில் எந்த நகை என்று தெரிந்துகொள்ள அவை உதவும். பெரும்பாலான படங்களில் போட்டவளின் பெயர் மட்டும் இல்லை. உங்கள் சேகரிப்பில் அந்தக் குறை வரக்கூடாது.

இந்தியாவுக்குப் போன சொந்தக்காரர்களையும் கேளுங்கள். 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் நம் சனத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதினார்கள். அட்டன் ஸ்டேசனில் கட்டிப்பிடித்து அழுது ரயில் ஏறியவர்களோடு பெட்டிகளும் ஏறின. ஒரு சோடியில் ஒன்று இங்கே, மற்றது கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருக்கலாம். ஒரு வீடியோ கோலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லலாம்.

மழைக்காலத்துக்கு முன் காய வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் ஒரே மாதத்தில் பிடிக்கும். சனவரி, பெப்ரவரி வெயில் நாட்களில் நிழலில் காய விரித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள். கூடையை நம் பெரியவர்கள் அடுப்புக்கு மேலே புகைபடும்படி தொங்கவிட்டார்கள். பூச்சி அண்டாது.

வைத்துக் காப்பாற்ற முடியாத பொருளுக்கு இடம் தேடுங்கள். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தையே சீராக்கி 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஒரு தடவை பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். என்ன சேர்க்கலாம் என்ற கேள்விக்கு அங்கேயே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

செய்யக்கூடாதவை

இல்லாத வீட்டில் எடைக்கு வாங்காதீர்கள். 2022 நெருக்கடியில் மாவு விலை ஏறினபோது பெட்டியின் அடியில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. அந்த நேரத்தில் பொருளைக் குறைத்துப் பேசி வாங்குகிறவர் கையில் தராசு இல்லாவிட்டாலும் அவரும் வியாபாரிதான். அடகு வைக்கத்தான் வேண்டும் என்றால், போகும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒருவர் அதைச் செய்திருந்தால் அம்மாயியின் தண்டட்டி என் பேத்திக்குத் தெரிந்திருக்கும்.

சாமிப் பொருளைக் கேட்காதீர்கள். மாடசாமியின் அரிவாள், கரகம், காமன் கூத்தில் ரதியும் மதனும் தரிக்கும் முடி எல்லாம் ஊர்ச் சொத்து. கோயில் தலைவர் தலையாட்டினாலும் சனங்கள் கூடிச் சம்மதிக்காமல் தொடாதீர்கள். மாசியில் கூத்து நடக்கும்போது போய் உட்கார்ந்து பாருங்கள், கேட்டுப் படம் எடுங்கள்.

காகிதங்களின் மூலப்பிரதியை வாங்கி வராதீர்கள். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். 1948இன் குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாக்கப்பட்டு, குடியுரிமை தந்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை ஒரு துண்டுக் கடதாசிக்காகக் கச்சேரி வாசலில் நின்ற சனம் நாம். பிறப்புப் பத்திரமும் பழைய பாஸ்போர்ட்டும் உங்களுக்கு அரும்பொருளாகத் தெரியலாம். அந்த வீட்டுக்கு அது நாளைக்குக் காணிக்கோ பென்சனுக்கோ வேண்டியிருக்கும். அங்கேயே வைத்துப் படம் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

புளியும் பற்பொடியும் போட்டுத் துலக்காதீர்கள். வெள்ளித் தண்டையின் பூவேலை இடுக்கில் இருக்கும் கறுப்பு, வேலைப்பாட்டைக் காட்டும் நிழல். அரக்கு அடைத்த நகையைச் சுடுநீரில் போடவே கூடாது.

விமானத்தில் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள். அரும்பொருளை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோவதை இங்கே 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 வருசத்தைத் தாண்டியவை தொல்பொருள். தமிழ்நாட்டுக் கடையில் வாங்கியதற்கும் அது பொருந்தும். ‘பழங்குடி நகை’ என்று கண்ணாடிப் பெட்டியில் கறுப்பேற்றி விற்பதில் பாதி நேற்றுச் செய்தது. பிடித்தால் புதுநகையாக நினைத்து வாங்குங்கள்.

கைத்தையல் விரிப்பை வெட்டாதீர்கள். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்தால் காந்தா என்று உலகமே வாங்குகிறது. நம் லயங்களில் அதே வேலையைப் பெயர் வைக்காமல் செய்தார்கள். பிள்ளைகளைக் கிடத்த, குளிருக்குப் போர்த்த. இப்போது அதை வெட்டிப் பை தைக்கலாமா என்று கேட்கிறார்கள். போன வருசம் கீழ்க்கணக்கு லயத்தில் ஒரு பாட்டி வாசல் இஸ்தோப்பில் ஒன்றை விரித்துக் காட்டினார். மேலே வாயில் சேலை, நைந்த இடத்தில் உள்ளே மாச் சாக்குத் துணியின் நீல எழுத்து. தையல் முழுக்க வெள்ளை நூல், எறும்பு வரிசை மாதிரி. ஒரு மூலையில் மட்டும் சிவப்பு நூல், தையலும் கோணல். “இது ஏன் பாட்டி இப்படி?” என்றேன். அந்த மூலையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே சொன்னார்: “அது என் தங்கச்சி தைச்சது. முடிக்க முந்தி ஊருக்குப் போற துண்டு வந்திருச்சு.”