விரல் முதல் வெட்ஜ் வரை: இதயச் செயலிழப்பில் எந்தக் கண்காணிப்பு, எப்போது?

இரவு இரண்டு மணி. அறுபது வயதைத் தாண்டிய ஒருவரை ஐ.சி.யு.வுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவரால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குகிறது. இரண்டு காலும் வீங்கி, அமுக்கிய இடத்தில் குழி விழுகிறது. விரல்கள் சில்லென்று இருக்கின்றன. பி.பி. 94/72. "நேத்து வரைக்கும் நடந்துக்கிட்டுதான் இருந்தாரு, சிஸ்டர்" என்கிறார் மனைவி.

இவரை எதைக் கொண்டு கண்காணிப்பது? கையில் சுற்றும் கஃப் போதுமா, ஆர்ட்டீரியல் லைன் வேண்டுமா? சி.வி.பி. பார்ப்பதா, எக்கோ எடுப்பதா? நுரையீரல் தமனி வரை போகும் ஸ்வான்-கான்ஸ் கதீட்டர் இவருக்குத் தேவையா? முடிவெடுப்பவர் மருத்துவர்தான். ஆனால் அந்தக் கருவியோடு இரவு முழுக்க இருக்கப்போகிறவர் செவிலியர். எண்ணை முதலில் பார்ப்பதும், அது சரியா என்று முதலில் சந்தேகப்பட வேண்டியதும் அவரே.

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இதிலிருந்து எனக்கு என்ன தெரிய வேண்டும்? தெரிந்தவுடன் யார், என்ன மாற்றப்போகிறார்? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால், அந்தக் குழாய் நோயாளிக்கு ஆபத்தை மட்டுமே கொடுக்கும்.

முதல் கருவி: கை, கண், தராசு

இதயச் செயலிழப்பில் தெரிந்துகொள்ள வேண்டியவை அடிப்படையில் இரண்டு: உடலில் நீர் தேங்கியிருக்கிறதா, உறுப்புகளுக்கு இரத்தம் போதுமான அளவு போய்ச் சேருகிறதா. அமெரிக்க இதயநோய் நிபுணர் லின் வார்னர் ஸ்டீவன்சன் பிரபலமாக்கிய நான்கு கட்டங்கள் இதிலிருந்து பிறந்தவை. தேக்கம் இருந்தால் 'ஈரம்', இல்லாவிட்டால் 'உலர்வு'. இரத்த ஓட்டம் போதுமானதாக இருந்தால் 'சூடு', குறைந்தால் 'குளிர்ச்சி'. நம் நோயாளி ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்தவர், அதாவது அதிக ஆபத்தில் இருப்பவர்.

இதை அறியக் குழாய் எதுவும் தேவைப்படவில்லை. படுத்தால் மூச்சு முட்டுவதும், 45 டிகிரியில் சாய்த்து உட்கார வைக்கும்போது கழுத்துச் சிரை புடைத்துத் தெரிவதும் ஈரத்தின் நம்பகமான அடையாளங்கள். குளிர்ச்சிக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. மேல் அழுத்தத்திலிருந்து கீழ் அழுத்தத்தைக் கழித்து, வருவதை மேல் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 94/72 என்றால் வித்தியாசம் 22. அது 94இல் சுமார் 23 சதவீதம். 25 சதவீதத்துக்குக் கீழே போனால் இதயம் வெளியேற்றும் இரத்தம் மிகக் குறைந்திருக்கக்கூடும். இது கைக்கணக்கு மட்டுமே. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு மருத்துவரை எழுப்பப் போதுமான காரணம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஸ்டீவன்சனும் பெர்லாஃபும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், நீண்டநாள் இதயச் செயலிழப்பு உள்ள 50 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 43 பேருக்கு வெட்ஜ் அழுத்தம் (இதயத்தின் இடதுபக்க அழுத்தத்தை மறைமுகமாகக் காட்டும் எண்) 22 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் இருந்தது. அந்த 43 பேரில் 18 பேருக்கு நுரையீரலில் க்ரெப்ஸ் இல்லை, கால் வீக்கம் இல்லை, கழுத்துச் சிரையும் புடைக்கவில்லை. பல மாதங்களாகத் தேக்கத்தோடு வாழ்ந்த நுரையீரல் அதற்குப் பழகிவிடுகிறது. ஆகவே, ஸ்டெத்தில் சத்தம் கேட்கவில்லை என்பதால் நீர் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

இன்புட்-அவுட்புட் சார்ட்டையும் கண்காணிப்புக் கருவியாகவே எண்ண வேண்டும். சிரை வழியாக லாசிக்ஸ் கொடுத்தபின் முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மில்லி சிறுநீராவது வர வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதலின் அளவுகோல். வரவில்லையென்றால், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அப்போதே சொல்ல வேண்டும்.

கஃபா, ஆர்ட்டீரியல் லைனா?

நிலையாக இருக்கும் நோயாளிக்குக் கஃப் போதும், அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். உள்ளிருக்கும் காற்றுப்பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் 40 சதவீதம் இருப்பது நல்லது. பருமனான கையில் சின்னக் கஃபைச் சுற்றினால் பி.பி. உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். குளிர்ச்சியில் இருப்பவருக்கு அந்தப் பொய்யான ஆறுதல் ஆபத்து. இதயச் செயலிழப்பில் அடிக்கடி வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஒவ்வொரு துடிப்பும் ஒவ்வொரு அளவு என்பதால், ஒரே அளவீட்டை நம்பாமல் இரண்டு மூன்று எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

நார்அட்ரினலின், டோபுட்டமின், நைட்ரோபுருசைட் போன்ற மருந்துகளை நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றி இறக்க வேண்டியிருந்தாலோ, அடிக்கடி ஏ.பி.ஜி. எடுக்க வேண்டியிருந்தாலோ ஆர்ட்டீரியல் லைன் மேல். ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் அது காட்டும். கூடவே பொறுப்பும் வரும். இணைப்பு கழன்றால் சில நிமிடங்களில் நிறைய இரத்தம் போய்விடும். அதனால் அந்தக் கை போர்வைக்கு வெளியே தெரிய வேண்டும், அலாரம் அணைக்கப்படக் கூடாது. லைனில் 'தமனி, மருந்து ஏற்றக் கூடாது' என்ற லேபிள் கட்டாயம். விரல்களின் நிறத்தையும் சூட்டையும் மணிக்கொருமுறை பார்த்து எழுத வேண்டும். மருந்துகள் நின்று, பி.பி. நிலைப்பட்டால் லைனை எடுத்துவிடலாமா என்று முதலில் கேட்பவரும் செவிலியராக இருக்கட்டும்.

சி.வி.பி.யா, எக்கோவா?

சி.வி.பி. இதயத்தின் வலதுபக்க அழுத்தம். இயல்பில் 2 முதல் 8 மி.மீ. பாதரசம். "சி.வி.பி. குறைவு, செலைன் ஓட்டு, அதிகம், நிறுத்து" என்பது பல ஐ.சி.யு.க்களின் நெடுநாள் பழக்கம். ஆனால் திரவம் கொடுத்தால் இதயம் கூடுதலாக வெளியேற்றுமா என்பதை சி.வி.பி.யைக் கொண்டு கணிக்க முடியாது என்பதை 2008இல் பால் மாரிக்கும் குழுவும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். இடதுபக்கம் செயலிழந்துகொண்டிருக்கும்போது வலதுபக்க எண் இயல்பாகவே இருக்கலாம். வென்டிலேட்டரின் பீப் அழுத்தம், டிரைகஸ்பிட் வால்வின் கசிவு, வலது வென்ட்ரிக்கிள் பாதிப்பு எல்லாம் அதை உயர்த்திக் காட்டும்.

இருந்தாலும் சி.வி.பி.யை ஒதுக்கிவிட முடியாது. இதயச் செயலிழப்பில் சிறுநீரகம் மோசமாவதற்கு, இரத்தம் குறைவாக வருவதைவிட, சிரைகளில் அழுத்தம் உயர்ந்து சிறுநீரகத்திலிருந்து இரத்தம் வெளியேற முடியாமல் தேங்குவதோடு நெருங்கிய தொடர்பு இருப்பதை 2009இல் வெளியான கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வு காட்டியது. வேறு காரணத்துக்காக சென்ட்ரல் லைன் ஏற்கெனவே இருந்தால், சி.வி.பி. ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கைப் பார்ப்பது பயன்தரும். அந்த ஓர் எண்ணுக்காக மட்டும் புதிதாக லைன் போடுவதற்கு அது தகுதியானதல்ல.

கட்டிலருகே எடுக்கும் எக்கோ, ஊசி குத்தாமலே நிறையச் சொல்லும்: இதயம் எவ்வளவு சுருங்குகிறது, எந்த வால்வு கசிகிறது, இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா. கீழ்ப்பெருஞ்சிரை 2.1 செ.மீ.க்கு மேல் விரிந்து, மூச்சை உள்ளிழுக்கும்போது பாதிகூடச் சுருங்காவிட்டால் வலதுபக்க அழுத்தம் உயர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எக்கோ ஒரு கணத்தின் படம்; இரவு முழுவதும் அது பக்கத்தில் நிற்காது. அதனால் காரணம் அறிய எக்கோ, போக்கு அறிய லைன் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

ஸ்வான்-கான்ஸ்: யாருக்கு, எதற்கு?

சாண்டா மோனிகா கடற்கரையில் பாய்மரப் படகு ஒன்று காற்றில் இழுபட்டுப் போவதைப் பார்த்தபோது ஜெரமி ஸ்வானுக்கு ஒரு யோசனை வந்தது. நுனியில் பலூன் வைத்தால் கதீட்டரை இரத்த ஓட்டமே இழுத்துச் செல்லுமே! அவரும் வில்லியம் கான்ஸும் சகாக்களும் 1970இல் அதை வெளியிட்டார்கள். வலது ஏட்ரியம், வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி என்று கடந்து, ஒரு கிளையில் பலூன் அடைத்து நிற்கும்போது கிடைப்பது வெட்ஜ் அழுத்தம். அதுதான் இடதுபக்கத்தின் மறைமுகச் செய்தி. இயல்பில் 6 முதல் 12. கார்டியாக் இண்டெக்ஸ் (உடல் பரப்புக்கு ஏற்ப, இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்த அளவு) 2.2க்குக் கீழும், வெட்ஜ் 18க்கு மேலும் போனால் குளிர்ச்சியும் ஈரமும் எண்ணாலேயே உறுதியாகின்றன.

இத்தனை தகவல் தரும் கருவியை எல்லாருக்கும் போட்டால் என்ன? 2005இல் வெளியான எஸ்கேப் ஆய்வு அதைத்தான் சோதித்தது. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 433 பேரில் ஒரு பாதிக்குக் கதீட்டரோடும், மறுபாதிக்கு மருத்துவப் பரிசோதனையை மட்டும் வைத்தும் சிகிச்சை நடந்தது. ஆறு மாதத்தில் உயிரோடு, மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்களில் வித்தியாசம் இல்லை. மருத்துவமனையில் நேர்ந்த பாதகங்கள் மட்டும் கதீட்டர் போட்டவர்களுக்கு அதிகம்: 21.9 சதவீதம், மற்றவர்களுக்கு 11.5.

ஆகவே இது எல்லாருக்கும் உரியதல்ல. கார்டியோஜெனிக் ஷாக் மருந்துக்கு மசியாதபோது, நீர் தேங்கியிருக்கிறதா என்பதே புரியாமல் சிறுநீரகம் மோசமாகும்போது, இதய மாற்று அல்லது செயற்கைப் பம்ப் பற்றி முடிவெடுக்க நுரையீரல் இரத்தக்குழாய்களின் எதிர்ப்பை அளக்க வேண்டியபோது இது தேவைப்படும்.

போட்டால் செவிலியர் மறக்கக் கூடாதவை சில. பலூனுக்கு 1.5 மில்லி காற்றுக்கு மேல் கூடாது. 15 விநாடிக்கு மேல் ஊதியபடி விடக் கூடாது. வெட்ஜ் நிலையில் ஒருபோதும் ஃப்ளஷ் செய்யக் கூடாது, தமனி கிழியலாம். இருமலில் இரத்தம் வந்தால் அவசரம். திரையில் திடீரென வென்ட்ரிக்கிள் அலை வந்தால் கதீட்டர் பின்னால் நழுவியிருக்கிறது. இதயத் துடிப்பு தடுமாறும் முன் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஏற்கெனவே லெஃப்ட் பண்டில் பிளாக் உள்ளவருக்குக் கதீட்டர் போகும் வழியில் முழு ஹார்ட் பிளாக் வரலாம் என்பதால் பேஸிங் தயாராக இருக்கட்டும். நுரையீரல் தமனியின் டயஸ்டாலிக் அழுத்தமும் வெட்ஜும் ஒத்துப்போகிறவருக்கு டயஸ்டாலிக்கையே பின்தொடரலாம்; ஒவ்வொரு முறையும் பலூன் ஊத வேண்டியதில்லை.

எண்ணை நம்பும் முன்

எந்த லைனானாலும் டிரான்ஸ்டியூசர் இதயத்தின் மட்டத்தில், அதாவது நான்காவது விலா இடைவெளியும் நடு அக்குள் கோடும் சந்திக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அது 10 செ.மீ. கீழே இறங்கினால் எண் சுமார் 7 மி.மீ. கூடிவிடும். ஆர்ட்டீரியல் பி.பி.யில் 7 சின்னப் பிழை. சி.வி.பி.யிலோ வெட்ஜிலோ அதே 7, லாசிக்ஸா செலைனா என்ற முடிவையே புரட்டிப்போடும். கட்டிலை உயர்த்தினால், நோயாளி சாய்ந்தால், ஷிஃப்ட் மாறினால் மட்டம் பார்த்து ஜீரோ செய்துகொள்ளுங்கள். பிரஷர் பேக் 300இல் நிற்கட்டும். அளவை மூச்சு விட்டு முடிக்கும் தருணத்தில் எடுங்கள்.

சி.வி.பி. பார்ப்பதற்காக, மூச்சு முட்டும் நோயாளியை நேராகப் படுக்க வைக்காதீர்கள். மட்டம் சரியாக இருந்தால் 45 டிகிரியில் சாய்ந்தபடியே அளக்கலாம்.

வீட்டுக்குப் போன பிறகு

வீட்டிலும் தேர்வுகள் உண்டு. மிக எளியது எடை: காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், அதே தராசில். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். மறுகோடியில், நுரையீரல் தமனியில் பதிக்கும் பேட்டரி இல்லாத கார்டியோமெம்ஸ் சென்சார். 550 பேரிடம் நடந்து 2011இல் வெளியான சாம்பியன் ஆய்வில், அதன் எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றியபோது ஆறு மாதத்தில் மருத்துவமனைச் சேர்க்கை 28 சதவீதம் குறைந்தது. அதன் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாது.

நடுவில் இருப்பது தொலைக்கண்காணிப்பு. அமெரிக்காவில் 1653 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், எடையையும் அறிகுறிகளையும் தானியங்கித் தொலைபேசியில் பதிவு செய்ததால் பயன் தெரியவில்லை. ஜெர்மனியில் 1571 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், மருத்துவரும் செவிலியரும் 24 மணி நேரமும் பதில் சொன்னார்கள். மருத்துவமனையிலும் மரணத்திலும் இழந்த நாட்கள் குறைந்தன. இரு ஆய்வுகளும் பல விதத்தில் வேறுபட்டவைதான். ஆனாலும் எண்ணைப் பெற்றுக்கொள்ள உடனே ஒரு மனிதர் இருந்தாரா என்பது சிறிய வேறுபாடல்ல.

சுருக்கமாக

• சூடும் ஈரமும், பி.பி. நிலையானது: கஃப், எடை, சிறுநீர் அளவு, ஒரு எக்கோ.
• குளிர்ச்சியும் ஈரமும், ஏற்றி இறக்கும் மருந்துகள்: ஆர்ட்டீரியல் லைன், எக்கோ, லாக்டேட் (இரத்த ஓட்டம் போதாதபோது இரத்தத்தில் உயர்வது).
• சென்ட்ரல் லைன் ஏற்கெனவே உண்டு: சி.வி.பி.யின் போக்கு; தனி எண்ணை நம்ப வேண்டாம்.
• சிகிச்சைக்கு மசியாத ஷாக், புரியாத நிலை, இதய மாற்று ஆலோசனை: ஸ்வான்-கான்ஸ், தேவை முடிந்தவுடன் வெளியே.
• வீடு: தராசு, ஒரு நோட்டு, எடுத்துப் பேசும் ஒரு போன் எண்.

நம் நோயாளிக்கு முதலில் ஆர்ட்டீரியல் லைனும் எக்கோவும். ஆறு மணி நேரத்தில் சிறுநீர் வராமல், விரலும் சூடாகாமல், லாக்டேட்டும் இறங்காமல் இருந்தால்தான் அடுத்த கதீட்டர் பற்றிய பேச்சு. அவர் தேறி வீட்டுக்குப் போகும் நாளில் செவிலியருக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. நேற்று வரை நடந்துகொண்டிருந்தார் என்று சொன்ன அந்த மனைவியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, முதல் பக்கத்தில் இன்றைய எடையை அவரையே எழுதச் சொல்ல வேண்டும்.