எந்த நாளின் உச்சம்?

இலங்கையின் பதுளை மாவட்டத்து மழைத் தரவுகளோடு வேலை செய்பவன் நான். பெரும்பாலும் கையாள்வது சர்ப்ஸ் தொகுப்பை. செயற்கைக்கோள் பதிவையும் மழைமானி அளவுகளையும் இணைத்துச் செய்த அதில், 1981 முதல் ஒவ்வொரு நாளுக்கும் கட்டம் கட்டமாக மழை அளவு இருக்கிறது. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோமீட்டர். நாள், அகலக்கோடு, நெடுங்கோடு என மூன்று பரிமாணங்கள். நாளின் வழியே உச்சத்தை எடுத்தால் அந்தப் பரிமாணம் மறைந்து ஒரே வரைபடம் மிஞ்சும். பைத்தானின் எக்ஸ்அரே நிரலகத்தில் இது ஒரு வரி வேலைதான்.

அந்த வரைபடத்தை எவரிடமும் காட்டுமுன் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: இப்படி ஒரு நாள் பெய்ததே இல்லை. பசறைக் கட்டத்தின் உச்சம் ஓர் ஆண்டு டிசம்பரிலும், அப்புத்தளையின் உச்சம் வேறோர் ஆண்டு நவம்பரிலும் வந்திருக்கலாம். கட்டங்களையெல்லாம் கூட்டி "மாவட்டத்தின் மிகப் பெரிய மழை" என்று எழுதினால், நடக்காத ஒரு வெள்ளத்தைக் கணக்கிட்டதாகிவிடும். மாவட்டத்துக்கு ஓர் எண் வேண்டுமென்றால் முதலில் ஒவ்வொரு நாளின் பரப்புச் சராசரியை எடுங்கள். பிறகு அந்த வரிசையில் உச்சம் தேடுங்கள்.

உச்சத்தோடு அது விழுந்த தேதியையும் சேர்த்தே எடுப்பது என் வழக்கம். அதற்கு எக்ஸ்அரேயின் ஐடிஎக்ஸ்மேக்ஸ் செயற்கூறு போதும். இதே வேலைக்கு ஆர்க்மேக்ஸைப் பயன்படுத்தினால், முழுத் தீவையும் வெட்டியெடுத்த கோப்பில் எந்நாளும் மதிப்பில்லாத கடல் கட்டங்களில் பிழை காட்டி நின்றுவிடும். பைத்தானின் நம்பை நிரலகத்தில் இன்னொரு ஆபத்து: அதன் ஆர்க்மேக்ஸ், விடுபட்ட மதிப்பையே உச்சமாக எடுத்து அந்த நாளைத் திருப்பித் தரும். பரிமாணத்தை எண்ணால் சொல்லாமல் பெயரால் சொல்லுங்கள். கோப்புக்குக் கோப்பு வரிசை மாறும். மாத உச்சம் எடுக்கும்போது பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தின் வறண்ட மாதங்களைத் தனியே பாருங்கள். ஒரு துளியும் பெய்யாத மாதத்தில் எல்லா நாளும் சுழியம்; அப்போது கிடைக்கும் "உச்ச நாள்" மாதத்தின் முதல் தேதி.

ஆண்டு உச்சத்துக்கு ஜனவரி தொடக்கம் நமக்குப் பொருந்தாது. பதுளைக்குப் பெருமழை அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீள்கிறது. டிசம்பர் 31-இல் வெட்டினால் ஒரே அடைமழை இரண்டு ஆண்டுகளின் உச்சமாகப் பதிவாகலாம். நான் ஜூலை முதல் ஜூன் வரை ஓர் ஆண்டாக எடுக்கிறேன்.

மலைச்சரிவில் வாழ்பவர்களுக்கு ஒரு நாள் உச்சம் மட்டும் போதாது. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயன்களை மண்சரிவு மூடியது. ஆபத்தான இடம் என்று 2005-இலும் 2011-இலும் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. பல நாள் நீரை உள்வாங்கி ஊறிய மண்ணுக்கு, கடைசி நாளில் சாதனை மழை தேவையில்லை. ஆகவே மூன்று நாள், ஏழு நாள், பதினைந்து நாள் என நகரும் கூட்டுத்தொகைகளை முதலில் உருவாக்கி, அவை ஒவ்வொன்றிலும் உச்சத்தைத் தேடுகிறேன். இந்த வரிசையை மாற்றக்கூடாது. ஒரு நாள் உச்சத்தை மூன்றால் பெருக்குவது மூன்று நாள் மழையாகாது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் 24 மணி நேரத்துக்கு 75, 100, 150 மில்லிமீட்டர் என்ற படிகள் உண்டு. கட்டத்தின் உச்சம் 75-ஐத் தொடவில்லை என்பதற்காக அங்கே ஆபத்தில்லை என்று எழுதிவிடாதீர்கள். மலைமுகட்டையும் பள்ளத்தாக்கையும் ஒரே சராசரிக்குள் அடக்குகிறது கட்டம். ஒரு மலைமடிப்பில் கொட்டிய மழை அதில் கரைந்துவிடும்.

இதனால்தான் தோட்டங்களின் மழைமானிப் பதிவேடுகளைத் தேடிப் பார்க்கச் சொல்கிறேன். ஒப்பிடும்போது தேதி ஒரு நாள் முன்பின்னாக வரலாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைநாள் காலை 8.30-க்குத் தொடங்குகிறது, உலக நேரப்படி வெட்டிய நாள் நமக்கு 5.30-க்கே தொடங்கிவிடுகிறது. அதனால் இரண்டு நாள் கூட்டுத்தொகைகளை ஒப்பிடுங்கள். பழைய ஏடுகளில் அளவு அங்குலத்தில் இருந்தால் 25.4-ஆல் பெருக்கி, மில்லிமீட்டராக்கிய பிறகே கட்டத்தின் எண்ணருகே வையுங்கள்.