ஏற்றிய வாடகையைத் தரமாட்டோம்

அன்புள்ள மகளுக்கு,

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உனக்கு இந்தப் பருவத்தில் பாடம் என்று எழுதியிருந்தாய். பிரிவு எண்களை உருப்போடுவதற்கு முன், 1915-ஆம் ஆண்டின் கிளாஸ்கோ நகரத்தைத் தெரிந்துகொள்.

முதல் உலகப் போர் மூண்டதும், ஸ்காட்லாந்தின் அந்த நகரத்துக்குக் கப்பல் கட்டவும் ஆயுதம் செய்யவும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். புது வீடு கட்டும் வேலையோ ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். சில இடங்களில் கால் பங்கு வரை. கணவன் போர்முனையில் இருக்க, மனைவியையும் பிள்ளைகளையும் தெருவில் நிறுத்தப் பார்த்தார்கள். இதைவிடக் கேவலம் உண்டா?

கோவன் பகுதியில் மேரி பார்பர் என்பவர் பெண்களைத் திரட்டினார். ஏற்றிய வாடகையைத் தரமாட்டோம் என்று ஜன்னல்தோறும் அட்டை தொங்கியது. அமீனா வருவது தெரிந்தால் ஒருத்தி மணியடிப்பாள். மற்றவர்கள் அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மாடிப்படியை அடைத்து நிற்பார்கள், மாவை வீசி விரட்டுவார்கள். நவம்பருக்குள் சுமார் 20,000 குடித்தனங்கள் சேர்ந்துவிட்டன. அம்மாதம் 17-ஆம் தேதி, ஏற்றிய வாடகையைத் தராத 18 தொழிலாளர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தபோது, கப்பல் தளத்து ஆட்களும் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் திரண்டார்கள். வழக்கு கைவிடப்பட்டது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

அந்தச் சட்டத்தின் கட்டமைப்பை நிதானமாகப் பார். சிறிய வீடுகளின் வாடகை, போர் தொடங்கிய 1914 ஆகஸ்டு அளவில் நிறுத்தப்பட்டது. வீட்டுக்காரர் வாங்கிய அடமானக் கடனின் வட்டியையும் ஏற்றக்கூடாது என்றது. ஒரு தரப்பின் தலையில் மட்டும் சுமை ஏற்றவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகையை ஒழுங்காகத் தருபவரைக் குறிப்பிட்ட சில காரணங்களின்றிக் காலி செய்யவைக்க முடியாது என்றது. என் கணிப்பில் இதுதான் அதன் உயிர். நினைத்தபோது காலி செய்யச் சொல்லலாம் என்றால், வாடகை வரம்பைக் கேட்க எந்தக் குடித்தனக்காரருக்குத் துணிவு வரும்?

ஆனால் அந்தச் சட்டம் ஒரு வீட்டையும் கட்டித் தரவில்லை. நகராட்சிகள் பெருமளவில் வீடு கட்ட அரசு பணம் கொடுக்க, 1919-இல் வேறொரு சட்டம் வேண்டியிருந்தது.

சென்னையிலும் வாடகைக் கட்டுப்பாடு போரோடுதான் வந்தது: 1941-இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஓர் ஆணை, பிறகு 1946-இல் சட்டம். அவற்றைப் படிக்கும்போது, காலி செய்யவைப்பது பற்றிய பிரிவை முதலில் எடுத்துப் படி. வாடகைக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா